நீர் விட்ட இடம்

கிணற்றில் நீர் இறைக்கும் எவரும் ஒரு விந்தையை நாள்தோறும் தம் கைகளாலேயே அறிகிறார்கள்; அறிந்தும் அதைப்பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. கயிற்றில் கட்டிய குடம் நீருக்குள் முழுகி நிரம்பிய பின்னும், அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரையில், இரண்டு விரல்களால் இழுத்தாலே எழுந்து வருகிறது. அதன் கழுத்து நீரைவிட்டு வெளியே தலைகாட்டத் தொடங்கியதும் கயிறு விறைக்கிறது, ராட்டினம் முனகுகிறது, இறைப்பவர் காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடத்துக்குள் இருக்கும் நீரில் ஒரு துளியும் கூடவில்லை. பூமியின் ஆகர்ஷணமும் அந்த ஒரு முழ தூரத்துக்குள் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: சற்றுமுன் குடத்தைச் சூழ்ந்து நின்றது நீர், இப்பொழுது சூழ்ந்து நிற்பது காற்று.

மிதப்பதையும் முழுகுவதையும் பற்றிப் பேசப் புகும்போது பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது நம் வழக்கம். கனமானவை முழுகும், லேசானவை மிதக்கும் என்று முதலில் சொல்கிறோம். பல டன் எடையுள்ள தேக்குமரம் ஆற்றோடு மிதந்து போக, விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளத்தக்க மணற்பருக்கை அதே ஆற்றின் அடியில் படிந்து கிடப்பதைக் கண்டதும், எடை அல்ல, ஒரே அளவு இடத்தில் அடங்கிய எடையே காரணம் என்று திருத்திக்கொள்கிறோம். அந்தத் திருத்தம் சரியானதே. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை 1 கிராம். அதே அளவு இரும்பின் எடை 7.87 கிராம், தேங்காயெண்ணெயின் எடை 0.92 கிராம். இரும்புத்துண்டு முழுகுவதும் எண்ணெய் மேலே பரவி நிற்பதும் இந்தக் கணக்குக்கு உட்பட்டே நடக்கின்றன. ஆனால் இந்த அட்டவணையை நீர் எங்கே படித்தது? தன்னுள் இடப்பட்ட பொருளின் அடர்த்தியைத் தன்னுடைய அடர்த்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வகை அதற்கு ஏது? இந்தக் கேள்விக்கு விடை காண, பொருளைவிட்டு நீரின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

அவ்வாறு திருப்பியவர்களில், என் அபிப்பிராயத்தில், மிகத் தெளிவாகப் பேசியவர் பிரூஜ் நகரத்தில் பிறந்த சைமன் ஸ்டெவின் என்பவர். 1586-இல், நீரின் எடையைப் பற்றி டச்சு மொழியில் அவர் எழுதிய நூலில் ஒரு யுக்தி வருகிறது. அதைச் செய்து பார்க்க எந்த உபகரணமும் வேண்டாம், கற்பனை ஒன்றே போதும். அசைவற்று நிற்கும் ஒரு குளத்தின் நடுவே, குடத்தின் வடிவில் ஒரு பகுதி நீரை மட்டும் மனத்தால் கோடிட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்த நீர்க்குடத்துக்கு எடை உண்டு. ஆகவே அது கீழே இறங்க முயல வேண்டும். ஆயினும் அது இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. குளம் அமைதியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அதைச் சூழ்ந்துள்ள நீர், அதன் எடை எவ்வளவோ அவ்வளவு பலத்தோடு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அதை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சித்தம். இப்பொழுது அந்த நீர்க்குடத்தை அகற்றிவிட்டு, அதே இடத்தில் அதே வடிவமுள்ள பித்தளையையோ மரத்தையோ மெழுகையோ வைத்தால், சூழ்ந்த நீருக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை. ரயில்வண்டியில் ஒருவர் எழுந்துபோன ஆசனத்தில் வேறொருவர் வந்து அமர்ந்தால், ஆசனம் ஆளைப் பார்த்தா தாங்குகிறது? முன்பிருந்த நீரை எவ்வளவு பலத்தோடு தாங்கியதோ அதே பலத்தோடுதான் புதிதாக வந்ததையும் நீர் தாங்குகிறது. வந்த பொருள் அந்தத் தாங்குதலைவிடக் கனமாயிருந்தால் கீழே போகிறது. குறைவாயிருந்தால் மேலே தள்ளப்படுகிறது. நீர் எதையும் ஒப்பிடவில்லை.

அந்தத் தாங்கும் பலம் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஆழம் மிக மிக நீரின் அழுத்தமும் மிகும். மேலே உள்ள நீரின் பாரத்தைக் கீழே உள்ள நீர் சுமக்க வேண்டியிருப்பதால் அது அப்படித்தான் ஆகும். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரக் கட்டையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால், அதன் மேல்முகத்தை நீர் கீழே அழுத்துகிறது, அடிமுகத்தை மேலே அழுத்துகிறது. அடிமுகம் 10 சென்டிமீட்டர் அதிக ஆழத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் சரியாக 1 கிலோ எடைக்குச் சமமாக வருகிறது. அந்தக் கட்டையின் கொள்ளளவும் 1 லிட்டர். 1 லிட்டர் நீரின் எடையும் 1 கிலோ. எவ்வளவு ஆழத்தில் பிடித்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. ஆற்றில் கிடக்கும் 27 கிலோ கருங்கல் ஒன்றை நீருக்குள்ளேயே புரட்டுகிறவனுக்கு அது 17 கிலோவாகத்தான் தோன்றும். கல்லின் கொள்ளளவாகிய 10 லிட்டர் இடத்தை நீர் விட்டுக்கொடுத்திருக்கிறது, அதற்கு ஈடாக 10 கிலோ பாரத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஸ்டெவினுக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தில் வாழ்ந்து கி.மு. 212-இல் ரோமானியப் படைவீரன் ஒருவன் கையால் மாண்ட ஆர்க்கிமிடீஸ், இந்த உண்மையை க்ஷேத்திர கணித முறையில் நிரூபித்து, மிதக்கும் பொருள்களைப் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் எழுதியிருந்தார். அந்த நூலின் கதி விசித்திரமானது. மேலைநாட்டினர் நெடுங்காலம் அதை, 1269-இல் மோர்பெக் ஊர் வில்லியம் என்ற பாதிரியார் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிந்திருந்தார்கள். கிரேக்க மூலம், எழுத்துகள் சுரண்டப்பட்டு மேலே பிரார்த்தனைகள் எழுதப்பட்ட ஒரு தோல் ஏட்டுப் புத்தகத்தின் அடியில் மறைந்து கிடந்ததை 1906-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹைபர்க் என்னும் டேனிஷ் பண்டிதர் கண்டறிந்தார்.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த நூலை அல்ல; குளியல் தொட்டியிலிருந்து ஆடையின்றி எழுந்து தெருவில் ஓடிய கதையைத்தான். சிரக்கூஸை ஆண்ட ஹையரோ மன்னனின் பொற்கிரீடத்தில் பொற்கொல்லன் வெள்ளியைக் கலந்தானா என்பது வழக்கு. தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததைக் கண்ட ஆர்க்கிமிடீஸ், கிரீடத்தையும் அதே எடையுள்ள தங்கத்தையும் தனித்தனியே நிறைந்த பாத்திரத்தில் இட்டு, வழிந்த நீரை அளந்து மோசடியைக் கண்டுபிடித்தார் என்பது கதை. ஆர்க்கிமிடீஸின் நூலில் இக்கதை இல்லை. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞரின் நூலில்தான் இருக்கிறது. கதையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கணக்கை மட்டும் பார்ப்போம். கிரீடம் 1 கிலோ என்று கொள்வோம். சுத்தத் தங்கமானால் அதன் கொள்ளளவு 51.8 கன சென்டிமீட்டர். பத்தில் மூன்று பங்கு வெள்ளி கலந்திருந்தால் 64.8. வித்தியாசம் 13 கன சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் நீர்மட்டம் இதனால் உயர்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விளிம்பில் பிதுங்கி நிற்கும் நீரும், கிரீடத்தின் இலை வேலைப்பாட்டில் சிக்கிய காற்றுக் குமிழிகளும் இந்த வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும்.

இருபத்திரண்டு வயது இளைஞராயிருந்த கலிலியோவும் 1586-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், இந்தப் பாமர முறையை ஆர்க்கிமிடீஸ் போன்ற மேதை கையாண்டிருக்க மாட்டார் என்றே கருதினார். அவர் காட்டிய வழி வேறு: பொருளை நீரில் அமிழ்த்தித் தராசில் நிறுப்பது. அதையே எளிதாக இப்படிச் செய்யலாம்: தராசின் ஒரு புறம் கிரீடத்தையும் மறுபுறம் சம எடைத் தங்கத்தையும் தொங்கவிட்டு, இரண்டையும் நீரில் அமிழ்த்த வேண்டும். அதிக இடத்தை அடைத்துக்கொண்ட கிரீடத்துக்கு நீர் அதிகமாகக் கைகொடுக்கும். தராசு 13 கிராம் அளவுக்குச் சாயும். 13 கிராம் என்பது ஒன்றரைச் சவரனுக்கும் மேல். எந்த நகைக்கடைத் தராசு அதைக் காட்டாமல் போகும்?

நீர் பார்ப்பது விட்டுக்கொடுத்த இடத்தை மட்டுமே என்று தெரிந்துகொண்ட பிறகு இரும்புக் கப்பலில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. 1 கிலோ இரும்புக் கட்டி 127 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கிறது; நீர் அதற்குத் தருவது 127 கிராம் தாங்குதல்; கட்டி முழுகுகிறது. அதே கட்டியைக் கொல்லுலையில் காய்ச்சித் தட்டி, 2 லிட்டர் கொள்ளும் கிண்ணமாக்கினால், 1 லிட்டர் நீரை ஒதுக்கும் அளவுக்கு அமிழ்ந்ததும் அது நின்றுவிடுகிறது. இன்னும் ஏறத்தாழ 1 கிலோ சுமையை அதில் ஏற்றலாம். இரும்பின் குணம் மாறவில்லை. கிண்ணம் தன்னோடு கொஞ்சம் காற்றையும் சேர்த்துக்கொண்டு இடம் கேட்கிறது, நீரும் மறுக்காமல் கொடுக்கிறது. இவ்வளவு எளிய விஷயம் 1787-இல்கூடப் பலருக்கு நம்பத்தகாததாக இருந்தது. அவ்வாண்டு ஜான் வில்கின்சன் என்ற இங்கிலாந்து இரும்புத் தொழிலதிபர் இரும்புத் தகடுகளால் ஒரு படகைச் செய்து செவர்ன் நதியில் இறக்கினார். முழுகப் போகிறது என்று சொன்னவர்களின் வாய் அடைபட்டது. இரும்புப் பாத்திரத்தை நீரில் மிதக்கவிட்டுத் துலக்கும் ஒரு பெண்மணியைக் கேட்டிருந்தால் இந்தச் சம்சயமே எழுந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

மரத்தின் சங்கதியும் உண்மையில் இதுதான். மரம் இயற்கையிலேயே லேசான பதார்த்தம் என்று நாம் நம்புகிறோம். அது முழு உண்மையன்று. மரத்தின் அணுவறைகளின் சுவராக அமைந்த பொருளை மட்டும் தனியே எடுத்தால் அது நீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தியுடையது. நீரில் இட்டால் கல்லைப்போல் இறங்கிவிடும். தேக்கும் மூங்கிலும் மிதப்பது அந்தச் சுவர்களுக்கிடையே அடைபட்ட காற்றினால். பர்மாக் காடுகளில் தேக்கை வெட்டுமுன், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் அரிந்துவிட்டு, நின்ற நிலையிலேயே அது சில ஆண்டுகள் உலரும்படி விட்டுவைத்தார்கள். பச்சைத் தேக்கு ஐராவதியில் மிதக்காது. சோழமண்டலக் கரையின் மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கயிறுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போட்டதற்கும் காரணம் இதுவே: நாள் முழுதும் நீரில் ஊறிய மரத்தில் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துகொள்கிறது, உலர்த்தாமல் மறுபடி கடலில் இறக்கினால் மரம் ஆளைத் தாங்காமல் தாழ்ந்து போகும். எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகிய நுரைக்கல்லும் இவ்வகையே. 1883-இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது சிதறிய நுரைக்கற்கள் இந்து மகாசமுத்திரத்தில் திட்டுத்திட்டாக மாதக்கணக்கில் மிதந்து திரிந்தன.

இனி, நீரிலும் ஜாதி உண்டு. கடல்நீரில் உப்புக் கரைந்திருப்பதால் 1 லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம் எடையிருக்கும். அதே கப்பலைத் தாங்கக் கடல் குறைவான இடம் விட்டுக்கொடுத்தால் போதும். சென்னைத் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு 8 மீட்டர் ஆழம் அமிழ்ந்து புறப்படும் கப்பல், ஹூக்ளி நதிக்குள் நுழைந்து கல்கத்தாவை அணுகும்போது, ஒரு மூட்டையும் கூடாமலே சுமார் 20 சென்டிமீட்டர் அதிகம் அமிழும். இதைக் கணக்கில் வைத்தே கப்பலின் பக்கத்தில் உப்புநீருக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று சுமைக்கோடுகள் தீட்டப்படுகின்றன. பேராசையால் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, கப்பல் முழுகினால் இன்ஷூரன்ஸ் பணம் வரும் என்று இருந்த முதலாளிகளை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் பிடிவாதமாகப் போராடியதன் பயனாக 1876-இல் இங்கிலாந்தில் இதற்குச் சட்டம் பிறந்தது. இன்றும் அந்தக் கோட்டுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

நம் குடியானவர்கள் உப்புநீரின் இந்தக் குணத்தை விதை தேர்ந்தெடுக்கக் கையாளுகிறார்கள். வெறும் நீரில் விதைநெல்லை இட்டால் பதர் மட்டுமே மேலே வரும். பாதி முற்றிய மணிகளும் நல்ல மணிகளும் ஒன்றாகவே அடியில் தங்கிவிடும். ஆகையால் ஒரு கோழிமுட்டையை நீரின் அடியில் இட்டு, அது எழும்பி, நாலணா நாணயம் அளவுக்கு அதன் முதுகு வெளியே தெரியும் வரையில் உப்பைக் கரைத்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் கரைசலில் இட்ட நெல்லில், திரண்டு விளைந்த மணி மட்டுமே இறங்கும். அரைகுறையானவை மிதக்கும், அவற்றை அரித்துக் களைந்துவிடலாம். இறங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும்; இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பால்மானி என்று கடையில் விற்கும் கண்ணாடிக் கருவி செய்வதையே இங்கே ஒரு முட்டை செய்கிறது. ஆனால் முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. நாட்பட்ட முட்டையில், ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகிப் போக, அந்த இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்கிறது. கொள்ளளவு குறையாமல் எடை மட்டும் குறைவதால், பழைய முட்டை உப்பே இல்லாத நீரிலும் மிதக்கும். அதை நம்பி விதை தேர்ந்தவன் பாதி முற்றியதையும் சேர்த்தே விதைப்பான்.

அடுப்பங்கரையில் பூரி செய்வதும் இந்த சாஸ்திரமே. எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்த மாவு வாணலியின் அடிக்குப் போகிறது. அதிலுள்ள ஈரம் ஆவியாகி அதை உப்பச் செய்ததும், எடை கூடாமல் இடம் மட்டும் கூடிவிடுவதால், எண்ணெய் அதை மேலே அனுப்பிவிடுகிறது.

மனித சரீரம் இந்த எல்லைக்கோட்டின்மேல் நிற்கிறது. மூச்சை நிறைய இழுத்து அடக்கினால் பெரும்பாலோர் நன்னீரில் சற்றே மிதப்பர். மூச்சை முழுதும் விட்டால் மெல்ல இறங்குவர். நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டது, எடையைக் கூட்டாமல் இடத்தைக் கூட்டும் உபாயம். தண்ணீரில் தவிப்பவன் உதவி கேட்டுக் கைகளை உயரத் தூக்குவது மிகவும் ஆபத்தானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; கைகள் நீருக்குள் இருக்கையில் அவை அடைத்திருந்த இடத்துக்கு ஈடாகக் கிடைத்த தாங்குதல் போய்விடுகிறது, அவற்றின் பாரம் முழுதும் உடலின்மேல் இறங்குகிறது, தலை நீருக்குள் போகிறது.

பனிக்கட்டியின் விஷயத்துக்கு வருவோம். 1611-ஆம் ஆண்டு கோடையில், பிளாரன்ஸ் நகரத்துப் பண்டிதர்களிடையே பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று விவாதம் எழுந்தது. பனிக்கட்டி குளிரால் இறுகிய நீர், ஆகவே நீரைவிடக் கனமானது, தட்டையான வடிவத்தினால்தான் நீரைக் கிழித்து இறங்க முடியாமல் மேலே நிற்கிறது என்றார்கள் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள். அல்ல, பனிக்கட்டி விரிந்த நீர், அதனாலேயே லேசானது, எந்த வடிவத்தில் வெட்டினாலும் மிதக்கும் என்றார் கலிலியோ. அவர் சொன்னதே சரி: உறையும்போது நீர் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது, 1 கன சென்டிமீட்டர் பனிக்கட்டியின் எடை 0.917 கிராம். உறைந்தும் எடை மாறாததால், பனிக்கட்டி நீரில் அடைக்கும் இடம், அது உருகினால் ஆகும் நீரின் இடத்துக்குச் சரியாக இருக்கிறது. விளிம்புவரை நீர் நிறைந்த தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி முழுதும் உருகினாலும் ஒரு துளி வழியாது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நகரத்தை ஆண்ட கோசிமோ பிரபுவின் விருந்து மண்டபத்தில் விவாதம் மீண்டும் நடந்தபோது கலிலியோவின் பக்கம் பேசியவர் மாபெயோ பார்பெரினி என்ற கர்தினால். பிற்காலத்தில் போப்பாண்டவராகி, கலிலியோ மீது விசாரணை நடக்கச் செய்தவரும் அவரே.

எதிர்க்கட்சியினர் அதோடு விடவில்லை. லுடோவிகோ டெல்லே கொலம்பே என்பவர் கருங்காலி மரத்துண்டுகளைக் கொண்டுவந்தார். கருங்காலி நீரைவிட அடர்த்தி மிகுந்தது. அதில் செய்த உருண்டையை இட்டார், முழுகிற்று. மெல்லிய சீவலை இட்டார், மிதந்தது. பொருள் ஒன்று, வடிவம் இரண்டு, விளைவும் இரண்டு. கலிலியோவின் சித்தாந்தம் பிரத்தியட்சமாகவே தோற்றதாக ஊர் பேசிற்று. 1612-இல் கலிலியோ, லத்தீனில் அல்லாமல் இத்தாலிய மொழியில், இதற்கு ஒரு நூலே பதிலாக எழுதினார். சீவலை முதலில் நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள், முழுகிவிடும் என்றார். இன்னொன்றையும் அவர் கண்கள் தவறவிடவில்லை: மிதக்கும் சீவல் நீர்மட்டத்தின்மேல் கிடக்கவில்லை, மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக, சுற்றிலும் சிறு வரப்புப்போல் நீர் எழும்பி நிற்க, ஒரு குழிக்குள் கிடந்தது. அந்தக் குழியிலுள்ள காற்றையும் சீவலோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று அவர் வாதித்தார்.

வரப்பு ஏன் சரிந்து விழவில்லை என்பதை அவரால் சரியாகச் சொல்ல இயலவில்லை. நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோலைப்போல் ஒரு விறைப்புடையது என்ற பரப்பு இழுவிசைக் கொள்கை, 1805-ஐ ஒட்டித்தான் யங், லாப்லாஸ் என்பவர்களால் கணிதமாக உருவாயிற்று. அதன்பின் நீர்மேல் கிடக்கும் தையல் ஊசியும் குளத்தின்மேல் ஓடித் திரியும் பூச்சியும் ஆர்க்கிமிடீஸின் ஆட்சிக்கு வெளியே உள்ளவை என்று பாடநூல்கள் எழுதின. ஆனால் 1998-இல் ஜோசப் கெல்லர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நிரூபித்த ஒரு முடிவு இந்தப் பிரிவினையை மாற்றிவிட்டது. ஊசியைச் சுற்றிப் பரப்பு வளைந்து இறங்கி உண்டாகும் குழியை நிரப்ப எவ்வளவு நீர் வேண்டுமோ, அந்த நீரின் எடைக்குச் சமமாகவே பரப்பு இழுவிசை ஊசியை மேல்நோக்கித் தூக்குகிறது என்பது அம்முடிவு. ஊசி அடைத்த இடத்தோடு அது உண்டாக்கிய குழியையும் சேர்த்துக் கணக்கிட்டால், அகன்ற நீரின் எடையும் ஊசியின் எடையும் சமமாக இருக்கின்றன. நீரில் ஒரு துளி சோப்புக் கரைசலை விட்டால் பரப்பின் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு பெரிய குழியைத் தாங்கிப்பிடிக்கப் பரப்புக்குச் சக்தி இருக்காது. கரைகள் ஊசியின்மேல் மூடிக்கொள்ளும், ஊசி தான் அடைத்த இடத்துக்கு மட்டும் உரிய தாங்குதலோடு பாத்திரத்தின் அடிக்குப் போய்விடும்.